சைரன் ஊதுவதற்குள் நானூறு தட்டு

கேன்டீன் சமையல் என்பது நாக்கை விடக் கடிகாரத்துக்கு அதிகம் பயப்பட வேண்டிய தொழில். வீட்டில் சாப்பாடு கால் மணி நேரம் பிந்தினால் முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான். தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிக்குச் சைரன் ஊதிவிட்டால், உலை கொதித்ததா, குழம்பு சுண்டியதா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். நானூறு பேர் எவர்சில்வர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். காலையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு 'இன்றைக்கு என்ன செய்வது' என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் என் இனம். ஆணோ பெண்ணோ, நான்கு பேருக்குச் சமைப்பவரோ நாற்பது பேருக்குச் சமைப்பவரோ, நம்முடைய சூடு நமக்குத்தான் தெரியும்.

என் பெயர் வசந்தா. வீடு தண்டையார்பேட்டை. வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு படுத்தவர் ஆறு மாதம் எழுந்திருக்கவில்லை. இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற கடலோரச் சாலையில் இருந்த ஒரு வார்ப்பட ஆலையின் கேன்டீனுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். அதுவரை நான் சமைத்ததெல்லாம் ஐந்து பேருக்கு மேல் போனதில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

விரதமும் ரசமும்

சேர்ந்த அன்று வெள்ளிக்கிழமை. தலைமைச் சமையல்காரர் தணிகாசலம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், கரண்டி பிடித்துப் பிடித்து வலது தோள் மட்டும் பருத்த மனிதர். அந்த கேன்டீனில் பெண்கள் காய் நறுக்குவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள். அடுப்பு முழுக்க ஆண்கள் கையில். தொழிலாளர் நலனைப் பார்க்கிற வெல்ஃபேர் ஆபீசர் என்னை 'உதவிச் சமையல்' என்று எழுதி அனுப்பியதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. "ரசம் வெப்பியா?" என்றார். "நல்லா வெப்பேண்ணே" என்றேன். "அப்ப அந்த அண்டாவ நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அப்பளம் பொரிக்கப் போய்விட்டார்.

எனக்கு ஒரே உற்சாகம். வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டு ஸ்பூன் உப்பு. நானூறு பேர் என்றால் எண்பது மடங்கு. நூற்று அறுபது ஸ்பூன்! விட்டுவிடக்கூடாது என்று வாய்விட்டு எண்ணி எண்ணிப் போட்டேன். புளி, மிளகு, சீரகம், பூண்டு எல்லாம் அதே கணக்கு. மணம் தூக்கியது. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த கன்னியம்மா, ஐம்பது வயதுக்காரி, மூக்கை உறிஞ்சிவிட்டு, "இன்னா வாசன, இன்னா வாசன!" என்றாள். எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். அதனால் ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. அங்கே பருப்பை வேகவைக்கும்போதே உப்புப் போட்டுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ரசத்துக்குக் கலந்த பருப்புத் தண்ணீரில் ஏற்கெனவே பாதி உப்பு இருந்தது.

சைரன் ஊதியது. வரிசையில் முதல் ஆள் பாஷா பாய். கிரேன் ஓட்டுபவர், ராயபுரத்துக்காரர், கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் பக்கத்து ஆள். ரசத்தைச் சோற்றில் விடாமல் டம்ளரில் வாங்கி ஒரே மடக்காகக் குடிப்பது அவர் வழக்கம். குடித்தார். கண்ணை மூடினார். நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "இன்னா தங்கச்சி, காலீல நான் வந்தப்ப சமுத்திரம் காம்பவுண்டுக்கு வெளியதானே இருந்துச்சி, எப்ப உள்ள வந்துச்சி?"

மஞ்சள் பூசிய உப்புமா

அதன் பிறகு நான் எந்த விரதத்திலும் நாக்கை மட்டும் சேர்ப்பதில்லை. சாமி மன்னித்துவிடும், நானூறு பேர் மன்னிக்க மாட்டார்கள்.

சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும். மாவரைக்கும் பெரிய கிரைண்டரின் மோட்டார் புகைந்து போனது. காலை டிபனுக்கு இட்லியும் இல்லை, தோசையும் இல்லை. திங்கட்கிழமை உப்புமா போட்டோம், முனகினார்கள். செவ்வாய்க்கிழமையும் உப்புமா போட்டோம், தட்டில் கரண்டியால் தாளம் போட்டார்கள். மோட்டார் வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று தெரிந்தபோது தணிகாசலம் ஒரு யோசனை சொன்னார். ரவையில் மஞ்சள் தூளும் நாலு கேரட்டும் போட்டுவிட்டு, போர்டில் 'ரவா கிச்சடி' என்று எழுதிவிடலாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார். நானும் ஓரத்தில் பூவெல்லாம் வரைந்து வைத்தேன். புதன்கிழமை வரிசை வந்தது. ஒரு வெல்டர் தட்டைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யக்கா, இவன நேத்தே பாத்தோமே. மஞ்சத் தண்ணி ஊத்தினா ஆளு மாறிடுவானா?" என்றார். பின்னால் இருந்த ஐம்பது பேர் சிரித்துவிட்டு, தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பசியோடு வேலைக்குப் போனார்கள்.

அந்தச் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்கள் வெறும் வயிற்றோடு போவதைப் பார்க்க முடியவில்லை. தணிகாசலத்திடம் கேட்காமலே பாஷா பாயிடம் ஓடினேன். "நாளைக்கு இன்னா வேணும், சொல்லுங்க பாய்" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே ஒருவர் சொன்னார்: "கூழ் கெடைக்குமா?" அன்று மாலையே நானும் கன்னியம்மாவும் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தோம். மறுநாள் விடிந்ததும் கூழ் காய்ச்சி, மோர் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டு, கருவாட்டை மொறுமொறுவென்று வறுத்து வைத்தோம். தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "கம்பெனில கூழா? வெல்ஃபேர் ஆபீசர் பாத்தா நம்ம கத முடிஞ்சிது!" என்றார். வெல்ஃபேர் ஆபீசரும் வந்தார். வந்தவர் ஓர் ஓரமாக நின்று இரண்டு சொம்பு குடித்தார். ஏழரை மணிக்கு அண்டாவின் அடி தெரிந்தது. அதே வெல்டர் மூன்றாவது தடவை வந்து, சொம்பை நீட்டியபடி சொன்னார்: "யக்கா, இத்த மொதல்லியே செய்வேன்னு சொல்லியிருந்தா, அந்த கிரைண்டர நாங்களே ஒடச்சிருப்போமே!"

சைக்கிளில் வந்த சங்கரா

புதன்கிழமைகளில் மீன் குழம்பு. மீன் கொண்டு வந்து போடுகிறவரிடம் ஐஸில் கிடந்து வெளுத்த மீன்தான் வரும். "நானே காசிமேடு போய் வாங்கி வரேன்" என்று ஒருநாள் வாய் விட்டேன். ஏலச் சத்தம், ஈரம், கூடைக்காரம்மாக்களின் வசவு, எல்லாவற்றையும் தாண்டி நாற்பது கிலோ சங்கரா வாங்கினேன். சிவப்புச் சிவப்பாக, கண் பளபளக்க, செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு! மூன்று பிளாஸ்டிக் கூடைகளில் நிரப்பி ஆட்டோவில் ஏற்றினபோது எனக்கு ராஜகுமாரி மாதிரி இருந்தது. ஆட்டோ எண்ணூர் நெடுஞ்சாலையைத் தொட்டது. அங்கே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, மலைப்பாம்பு மாதிரி அசையாமல் கிடந்தன. மணி ஏழு. "ஹார்பர் கேட்டு மூடிக்கிது மா, பத்து மணிக்கு முன்ன ஒண்ணும் நவுறாது" என்று ஆட்டோக்காரர் பீடியைப் பற்ற வைத்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வழிய ஆரம்பித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். லாரிகளுக்கு நடுவே இருந்த சந்தில் காக்கிச் சட்டைகள் சைக்கிளில் நுழைந்து நுழைந்து போய்க்கொண்டிருந்தன. எட்டு மணி ஷிஃப்டுக்குப் போகிற நம் ஆட்கள்! நடுரோட்டில் இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றேன். "யாரு, கேன்டீன் அக்காவா? இன்னாக்கா ஆச்சி?" என்று முதல் சைக்கிள் நின்றது. "உங்க மதியச் சோறு இங்க கெட்டுகினு கீது, ஆளுக்கு நாலு மீன் தூக்கிகினு போங்க!" என்று கத்தினேன். பத்து நிமிஷத்தில் பதினான்கு சைக்கிள்கள் சேர்ந்துவிட்டன. சாப்பாட்டுப் பையில் இருவர், ஹேண்டில்பாரில் கோணிப்பையைத் தொங்கவிட்டு மூவர், கேரியரில் வாழை மட்டை போட்டுக் கட்டி நால்வர். ஒருத்தர் பையில் மடித்து வைத்திருந்த மழைக்கோட்டை விரித்து அதற்குள் ஐந்து மீனைச் சுற்றிக்கொண்டார். நான் கடைசி சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டேன். லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்து விசில் அடித்தார்கள். மீன்வால்கள் ஆட ஆட, மணி அடித்துக்கொண்டே பதினான்கு சைக்கிள்களும் ஒரே வரிசையாக ஆலைக்குள் நுழைந்தன. கேட்டில் பைகளைச் சோதனை போடுகிற வாட்ச்மேன் முதல் பையைத் திறந்தார், இரண்டாவதைத் திறந்தார், மூன்றாவதைத் திறக்காமல் இடுப்பில் கைவைத்து நின்றார்: "இன்னா மாமு, ஷிஃப்டுக்கு வந்துகினு கீறீங்களா, வல போட்டுட்டு கர திரும்பிகினு கீறீங்களா?"

பதினோரு பேருக்குக் கஞ்சி

மறு வருஷம் ரம்ஜான் நோன்பு டிசம்பரில் வந்தது. இரண்டாவது ஷிஃப்டு ஆட்களுக்கு டீ தரப் போனபோது, கிரேன் மேடைக்குப் பின்னால் பாஷா பாயும் இன்னும் பத்துப் பேரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்ததும் ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய்த் தண்ணீர், ஒரு பன். அவ்வளவுதான். வேலை இருப்பதால் வீட்டுக்கும் போக முடியாது, பள்ளிவாசலுக்கும் போக முடியாது. "கஞ்சி காய்ச்சித் தரட்டுமா பாய்?" என்றேன். "வேணாம் தங்கச்சி, பதினோரு பேருக்காவ உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்றார். எனக்கு அந்த பன் கண்ணிலேயே நின்றது.

எங்கள் தெருவில் இருந்த மும்தாஜிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். குருணை, பாசிப்பருப்பு, கொஞ்சம் வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, கொத்துமல்லி, கடைசியில் தேங்காய்ப்பால். "கரண்டி விட்டுத் துழாவிகினே இருக்கணும், இல்லாங்காட்டி அடி புடிச்சா நோம்பு தொறக்குறவங்க வயிறு எரியும்" என்றாள். வெல்ஃபேர் ஆபீசரிடம் நானே போய்ப் பேசினேன். "ஸ்டோர்ல இருக்குற அரிசியிலேயே பண்ணுவீங்கன்னா பண்ணுங்கம்மா" என்று விட்டார். மறுநாள் மூன்று தடவை ருசி பார்த்தும் எனக்குத் திருப்தியில்லை. பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காத நாக்கில் நம் கைச் சமையல் முதலில் விழப்போகிறது என்றால் சும்மாவா? ஐந்தே முக்காலுக்குக் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நானும் கன்னியம்மாவும் கிரேன் மேடைக்குப் போனோம். பதினோரு பேருக்கு என்று சொல்லித்தான் வைத்தேன், ஆனால் கை பழகிவிட்டதே! ஐம்பது பேருக்கு இருந்தது. பாங்கு ஒலித்தது. பாஷா பாய் முதல் வாய் குடித்துவிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதினா வாசனை காற்றில் போய் அச்சு வார்க்கும் பகுதியைத் தொட்டது போலிருக்கிறது. ஒருத்தர் டம்ளரோடு வந்தார், இரண்டு பேர் வந்தார்கள், பிறகு நெற்றியில் திருநீற்றோடும் கழுத்தில் சிலுவையோடும் ஒரு வரிசையே நின்றது. பாஷா பாய் திரும்பிப் பார்த்துவிட்டு, கஞ்சி மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்தார்: "நோம்பு வெச்சது பதினோரு பேருதான் தங்கச்சி, தொறக்கறதுக்கு மட்டும் மொத்த கம்பெனியும் வந்து கீது!"

ஒரு துண்டு குறைந்தது

கன்னியம்மாவின் மகளுக்கு முந்தின நாள்தான் வளைகாப்பு. அங்கே போட்டுவிட்ட கண்ணாடி வளையல்களோடு, கை நிறைய, கன்னியம்மா வேலைக்கு வந்திருந்தாள், பச்சையும் சிவப்புமாக. கேன்டீனில் வளையல் கூடாது என்பது சட்டம். எத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த பேறு, இன்று ஒருநாள் போட்டுக்கொள்ளட்டும் என்று நான்தான் கண்டும் காணாமல் விட்டேன். இரண்டு சாம்பார் அண்டாக்களில் ஒன்றில் பூசணிக்காய்த் துண்டுகளைக் கொட்டும்போது கை விளிம்பில் தட்டி ஒரு பச்சை வளையல் உடைந்தது. மணி பதினொன்று இருபது. கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கித் தரையில் வைத்து வட்டமாகச் சேர்த்துப் பார்த்தோம். விரல் நகம் அளவுக்கு ஒரு இடைவெளி. அடுப்புக்கு அடியில், காய்க்கூடையில், புடவை மடிப்பில், எல்லா இடத்திலும் தேடினோம். இல்லை.

தணிகாசலம் வந்தார். "ஒண்ணும் ஆவாது, பெரிய வடிகட்டில ஊத்தி வடிச்சிரலாம்" என்றார். பருப்பும் காயுமாகக் கெட்டியாக இருக்கிற சாம்பாரை எங்கே வடிப்பது? உலை வெளிச்சத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன் தட்டைப் பார்த்தா சாப்பிடுகிறான்? அள்ளி விழுங்குவான். யார் தொண்டையில் போய் அது நிற்கும்? கன்னியம்மா சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு நொடியில் எல்லாம் என் மனதில் ஓடியது. பாதிப் பேருக்குச் சாம்பார் இல்லை என்றால் கலவரம், வளையலை அனுமதித்தது நான், வேலை போனால் வீட்டில் முதுகு பிடித்த மனிதர். "கொட்டிரலாண்ணே" என்றேன். "பைத்தியமா உனுக்கு? நாப்பது நிமிசம்தான் கீது!" என்றார். நான் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துவிட்டேன். கன்னியம்மா ஓடி வந்து மறு காதைப் பிடித்தாள். பின்பக்கக் கால்வாயில் இருநூறு பேருக்கான சாம்பார் ஆவி பறக்க ஓடியது. கடைசியில் அண்டாவின் அடியில், பருப்போடு ஒட்டிக்கொண்டு, பச்சையாக ஒரு துண்டு மின்னியது.

அதைப் பார்த்ததும் தணிகாசலத்தின் முகமே மாறிவிட்டது. சட்டையைக் கழற்றி வீசினார். "தயிரு எவ்ளோ கீது?" என்று கத்தினார். மதியச் சோற்றுக்கு மோர் கரைக்க வைத்திருந்த தயிர் இருந்தது. "மோர்க்குழம்பு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நான் தேங்காயும் பச்சைமிளகாயும் சீரகமும் அரைக்க, அவர் தயிரைக் கடைய, கன்னியம்மா அழுதுகொண்டே கொத்தவரங்காயையும் மீதி இருந்த பூசணியையும் கொதிநீரில் போட, கேன்டீனே போர்க்களம் மாதிரி இருந்தது. நுரை கட்டி வரும் நேரம் பார்த்து அடுப்பை அணைத்து, தேங்காய் எண்ணெயில் கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிய சத்தமும் சைரன் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. மோர்க்குழம்பு கிடைத்தவர்களில் பாதிப் பேர் சாம்பாரைக் காணோமே என்று முனகினார்கள், மீதிப் பேர் இரண்டாம் தடவை வாங்கினார்கள். எல்லாம் முடிந்த பிறகு நானும் கன்னியம்மாவும் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஆசை தீர அழுதோம். தணிகாசலம் வாசலில் வந்து நின்றார். இரண்டு டீ டம்ளர்களை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டு, முதல்முறையாக என்னிடம் சிரித்தார்: "ஊருல பொம்பளைங்கோ வளையலு ஒடஞ்சா வளையலுக்கு அழுவாங்கோ, நீங்க ரெண்டு பேரும் சாம்பாருக்கு அழுதுகினு கீறீங்களே!"

தம் போட்ட புதன்கிழமை

தணிகாசலத்துக்குத் துபாயில் வேலை கிடைத்தது. அவர் போன பிறகு தலைமைச் சமையலுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போவதாகப் பேச்சு. ஐந்து வருஷம் அடுப்பில் நின்ற என் பெயரை யாரும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பெரிய ஆர்டர் ஒன்றை நேரத்தில் முடித்ததற்காக எல்லோருக்கும் மட்டன் பிரியாணி என்று நிர்வாகம் அறிவித்தது. இப்படி விசேஷ நாள் என்றால் வண்ணாரப்பேட்டையிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஒருவரை வரவழைப்பார்கள். இந்த முறை கமிட்டிக் கூட்டத்தில் பாஷா பாய் எழுந்து, "வசந்தா தங்கச்சி போடட்டும். நல்லா வந்துச்சின்னா கிச்சன அது கையிலியே குடுங்கோ" என்று சொல்லிவிட்டார். வெல்ஃபேர் ஆபீசர் என்னைப் பார்த்தார். "செய்வீங்களாம்மா?" நானூறு பேருக்கு தம் பிரியாணி நான் போட்டதே இல்லை. ஆனால் வாய் அது பாட்டுக்கு, "செய்றேன் சார்" என்றது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கறி வந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தேன். முற்றிய ஆடு. இதை வேகவைத்தால் சாயங்காலம்தான் வேகும். திருப்பி அனுப்ப நேரமில்லை. கன்னியம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். சட்டென்று துரட்டியை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் ஓடினாள். அங்கே யாரும் சீண்டாமல் ஒரு பப்பாளி மரம் நின்றது. ஆறு பச்சைக் காய்களோடு திரும்பினாள், கையெல்லாம் பால், எந்தக் கறியையும் இளக்கிவிடுகிற பால். துருவிக் கறியில் பிசைந்து, தயிரும் இஞ்சி பூண்டும் சேர்த்து மூடி வைத்தோம். ஒன்பது மணிக்கு மூன்று அண்டாக்களிலும் வெங்காயம் சிவந்துகொண்டிருந்தது. புதினா, தக்காளி, மிளகாய், பிறகு கறி. பத்தரைக்கு ஒரு துண்டை எடுத்து விரலால் கிள்ளினேன். கிள்ள வந்தது! நான் குதித்த குதியில் கரண்டி கீழே விழுந்தது. அளந்த தண்ணீர் கொதித்ததும் அரிசி போட்டு, முக்கால் பதத்தில் ஈரத்துணி சுற்றிய மூடியால் மூடி, மேலே சவுக்குக் கட்டைத் தணலை அள்ளிக் கொட்டினோம். மணி பதினொன்று பத்து.

நம் இனத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை, சமையலில் மிகக் கொடுமையானது தம் போட்ட பிறகு வருகிற அந்த அரைமணி நேரம். குழம்பென்றால் எட்டிப் பார்க்கலாம், உப்புக் கூட்டலாம், புளி குறைக்கலாம். இதில் திறந்தால் போச்சு, திறக்காவிட்டாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கன்னியம்மா பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை ஆடை கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். நான் மூன்று அண்டாக்களையும் சுற்றிச் சுற்றி வந்தேன், காதை வைத்துக் கேட்டேன், சட்டுச் சட்டென்று மெல்லிய சத்தம். பதினொன்றே முக்காலுக்கு வெல்ஃபேர் ஆபீசரும் கமிட்டிக்காரர்களும் வந்து நின்றார்கள். பாஷா பாய் சொக்காய்க் கையை மடித்துவிட்டு, தணலைத் தள்ளி முதல் மூடியைத் தூக்கினார். ஆவி மேலே எழுந்து கூரையைத் தொட்டது. அவர் ஓரத்தில் கரண்டியை விட்டு அடியிலிருந்து மேலே ஒரு புரட்டுப் புரட்டினார். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் பொலபொலவென்று சரிந்தது. ஒரு தட்டில் போட்டு நின்றபடியே சாப்பிட்டார். கறியை எலும்பிலிருந்து இரண்டு விரலால் உருவினார், அது தானாகக் கழன்று வந்தது. தட்டைக் காலி செய்தார். மறுபடியும் நிரப்பிக்கொண்டார். நான் கைகளைப் பிசைந்தபடி நிற்க, வெல்ஃபேர் ஆபீசர் பொறுமை இழந்து, "என்ன பாய், எப்படி? அம்மாகிட்ட கிச்சனைக் குடுத்துடலாமா?" என்றார். இரண்டாவது தட்டின் கடைசி வாயையும் விழுங்கிவிட்டுப் பாஷா பாய் சொன்னார்: "கிச்சன தாராளமா குடுங்கோ சார், ஆனா நான் இங்க ரெண்டு தட்டு துன்னத மட்டும் எங்க வூட்ல யாரும் சொல்லிடாதீங்கோ, நாளைலேந்து அங்க எனுக்கு அடுப்பு எரியாது!"

பசியோடு வருகிறவர் திட்டுவார், வயிறு நிறைந்தவர் கிண்டல் செய்வார், பாராட்டு வேண்டுமென்றால் கழுவப் போகிற தட்டு எவ்வளவு காலியாக இருக்கிறது என்று நாமேதான் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.